அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை

காலை எட்டு மணிக்கு என் மச்சான் தல்காத்தின் வீட்டுக்கு ஏறிப்போய், தொப்பியைக்கூடக் கழற்றாமல், “அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம், கிளம்பு” என்றேன். முந்தைய ஒரு மணி நேரம் முழுக்க காருக்குள் உட்கார்ந்து இந்த ஒரு வரியை ஒத்திகை பார்த்திருந்ததால் குரல் பிசிறில்லாமல் வந்தது. அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே என்னைச் சற்று நேரம் பார்த்தான். “சளியா?” என்றான். “சளிதான்” என்றேன். என் மாமனார் செய்ல்கான் அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்துபோயிருந்தார்.

எங்கள் கசாக் ஜனங்களிடம் சாவுச் செய்தியை யாரும் யாருக்கும் நேராகச் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளையை ‘கொஞ்சம் உடம்பு சரியில்லை’ என்று சொல்லி வரவழைக்க வேண்டும். வந்து சேர்ந்தபின் உறவுக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்து உட்கார, வார்த்தை தெரிந்த மூத்தவர் ஒருவர் மலையில் ஆரம்பித்து, ஆற்றில் இறங்கி, கழுகின் மேல் ஏறி, கடைசியில் விஷயத்துக்கு வந்து சேருவார். அதற்குள் கேட்பவனின் மனம் தயாராகிவிடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, இது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஊருக்குப் போய், அங்கே அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பார்த்தவன் என்று எனக்குத் தெரிந்து ஒருத்தனும் இல்லை. ஆனாலும் சொல்கிறோம். ஆனாலும் நம்புகிறார்கள், அல்லது நம்புவதுபோல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

எங்கள் வழக்கப்படி அடக்கம் மறுநாள் லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் என்று முடிவாகியிருந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று முல்லா சொல்லிவிட்டதாக என் மனைவி குல்சிரா ஊரிலிருந்து போனில் அழுதாள். தைமாதத்து மண் கல்லாக இறுகியிருந்ததால், குழி வெட்டுகிற இடத்தில் பழைய டயர்களைப் போட்டுக் கொளுத்தி மண்ணை இளக்கிக்கொண்டிருக்கிறார்களாம். தல்காத் ஒரே மகன். குழிக்குள் முதல் பிடி மண் அவன் கையால் விழவேண்டும். நாங்கள் இருக்கிற தலைநகர் அஸ்தானாவிலிருந்து ஊர் நானூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரப் பயணம். முப்பது மணி நேரம் கையில் இருந்தது. கணக்கு என் பக்கம்தான் இருந்தது, வானிலை அறிக்கையைத் தவிர.

வழியில் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டோம். இறந்தவரின் தம்பி பெக்போலாத். தல்காத்துக்குச் சித்தப்பா, எனக்கு மாமா. மாவட்டக் கலாசாரத் துறையில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகியும் அந்தத் தகவல் அவரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. கல்யாணமோ சுன்னத்தோ எந்த விசேஷமானாலும் மைக் அவர் கையில்தான். நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து அவர் யாரையும் வாழ்த்தியதில்லை. அவரை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் என் மாமனார்தான். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து, “டேய் மூக்கொழுகி, சாப்பாடு ஆறுதுடா” என்று ஒரு குரல் வரும். பதக்கம் குத்திய நெஞ்சு அப்படியே காற்று இறங்கி உட்கார்ந்துவிடும்.

அன்றும் ஓவர்கோட்டின் மேல் பதக்கங்களைக் குத்திக்கொண்டுதான் வந்தார். சாவை அறிவிக்கும் உரிமை வயதுப்படி அவருடையது. ஊரில் வீட்டு முற்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் பேசப்போகும் பேச்சை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து உதடு அசைய அதை ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

“என்ன சித்தப்பா, கல்யாண வாழ்த்தா?” என்றான் பின்னாலிருந்து தல்காத்.

“ஆமாடா. ஒரு... ஒரு விசேஷம்.”

“சுருக்கமா முடிங்க. சாப்பாடு ஆறிடும்.”

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் மூச்சு வெள்ளையாகப் படிந்தது.

எரெய்மென்தாவ் மலைத்தொடரைத் தொடுவதற்கு முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பனிப்புயல் மேலிருந்து விழுவதில்லை. ஏற்கெனவே தரையில் கிடக்கிற பனியைக் காற்று கிளப்பிக்கொண்டு சாலைக்குக் குறுக்கே ஓடும். முதலில் அது வெள்ளைப் பாம்புகள் போலத் தாரின் மேல் நெளியும், பிறகு முழங்கால் உயரம், பிறகு காரின் உயரம். தடுப்புக் கம்பத்தை அடைந்தபோது அது இறங்கியிருந்தது. கம்பத்துக்கு முன்னால் முப்பது லாரிகள். பக்கத்து உணவுக்கடையின் புகைபோக்கியிலிருந்து ஆட்டுக்கறி வாசனை. புருவத்தில் பனி உறைந்த ஓர் இளம் போலீஸ்காரன், “சாலை மூடியாச்சு. சாயங்காலமோ நாளைக்கோ, காத்து சொல்லும்” என்றான்.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வாத்தியார். ‘கம்பம் இறங்கியிருந்தால் அது போலீஸ்காரன் சொல்வதல்ல, சாலை சொல்வது’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பவன்.

“நல்லதாப்போச்சு” என்றான் தல்காத். “இறங்குங்க அத்தான், டீயும் சூப்பும் சாப்பிடலாம். சளிதானே? நாளைக்குப் போனா என்ன, அப்பா எங்க ஓடிப்போயிடப் போறார்?”

“ஓடிப்போக மாட்டான்” என்றார் சித்தப்பா. குரல் நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. அதை மறைக்க அவர் பெரிதாக இருமினார். “ஆனா போயாகணும். நான் போய் அந்தப் பையன்கிட்டப் பேசறேன்.”

“பேசி?”

“நான் யாருன்னு சொல்றேன்.”

காற்றில் கோட்டின் வால் தலைக்கு மேல் பறக்க, ‘கலாசாரத்தின் கௌரவ ஊழியர்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட சிவப்புப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு அவர் நடந்தார். நான் கண்ணாடி வழியே பார்த்தேன். போலீஸ்காரன் புத்தகத்தைப் பார்த்தான், முடியாதென்று தலையை ஆட்டினான். பதக்கங்களைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அதன்பின் சித்தப்பா குனிந்து அவன் காதோடு ஏதோ சொன்னார். அவன் கையுறைகளைக் கழற்றினான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்து, உதடு அசைத்து, முகத்தின் மேல் மெதுவாக வழித்து இறக்கினான். இறந்தவர்களுக்காக மட்டும் நாங்கள் சாலையோரத்தில் நின்று செய்கிற காரியம் அது.

சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். தல்காத் எதிர்ப்பக்க ஜன்னலில் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“பார்த்தியா மாப்ளே” என்று உள்ளே வந்து உட்கார்ந்தார் சித்தப்பா. “பதக்கத்துக்கு ஒரு மரியாதை இன்னும் இந்த நாட்டுல இருக்கு.” கம்பம் உயர்ந்தது. இருபத்திரண்டு வருடக் கரும்பலகையின் அடியில் புகுந்து நான் காரை ஓட்டினேன்.

முப்பது கிலோமீட்டர் போனோம் என்று நினைக்கிறேன். சாலை எது, வானம் எது, என் காரின் முன்மூக்கு எது என்ற வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தன. கடைசியில் தல்காத் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, சாலையோரம் நட்டிருந்த அடையாளக் கம்புகளைப் பார்த்து “இடது, இன்னும் இடது” என்று சொல்ல, நான் நடை வேகத்தில் ஓட்டினேன். பிறகு கம்புகளும் தெரியாமல் போயின. பிற்பகல் மூன்று மணிக்கு, கார் ஒரு பெரிய தலையணைக்குள் முகம் புதைப்பதுபோல சத்தமே இல்லாமல் ஒரு பனிமேட்டுக்குள் நுழைந்து நின்றது. பின்னால் எடுத்தேன், சக்கரம் சுழன்றது. முன்னால் எடுத்தேன், சுழன்றது. மண்வாரியோடு தல்காத் இறங்கி ஒரு மணி நேரம் வெட்டினான். அவன் வெட்டி எறிந்ததைக் காற்று கவனமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது.

அவசர உதவி எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

“எந்தக் கிலோமீட்டர்ல இருக்கீங்க சார்?”

“கிலோமீட்டர் கல்லு பனிக்குள்ள இருக்கும்மா.”

“கல்லைப் பார்த்துச் சொன்னாத்தான் பதிவு பண்ண முடியும்.”

சித்தப்பா போனைப் பிடுங்கினார். “நான் யார் பேசறேன்னு தெரியுமா? கலாசாரத் துறை பெக்போலாத்!”

“எந்தக் கிலோமீட்டர்ல இருக்கிற பெக்போலாத் சார்?”

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு தோராயமான எண்ணைச் சொன்னேன். காற்று அடங்கியதும் பனி அள்ளும் வண்டி புறப்படும், அதுவரை காரை விட்டு இறங்க வேண்டாம், உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்றாள். காரின் ரேடியோவில் ஓர் அதிகாரி, குளிர்காலத்தை எதிர்கொள்ள எல்லாச் சாலைகளும் நூறு சதவீதம் தயார் நிலையில் இருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். சாலை தயாராகத்தான் இருந்தது. எங்களுக்கு அடியில் எங்கோ சமர்த்தாகப் படுத்திருந்தது.

தல்காத் லிஃப்ட் மெக்கானிக். அடைபட்டவர்களைப் பற்றி அவனுக்குத் தெரியும். “உள்ள மாட்டினவங்க முதல்ல பட்டனை அமுக்குவாங்க, அப்புறம் நான் யார் தெரியுமான்னு கத்துவாங்க, அப்புறம் அமைதியாயிடுவாங்க. நாங்க வெளியில நின்னு, அஞ்சே நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருப்போம். அதைத் தவிர வேற எதுவும் சொல்லக் கூடாதுன்னு பயிற்சியிலயே சொல்லித்தருவாங்க” என்றான். பிறகு பொறுப்பெல்லாம் அவன் எடுத்துக்கொண்டான். பெட்ரோல் பாதி டேங்க். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சின் ஓடும். ஓட்டுவதற்கு முன் சைலன்சர் வாயில் அடைந்த பனியை வெளியே போய்த் தோண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் புகை உள்ளே வந்து தூங்கினபடியே முடிந்துவிடுவோம். காரை இழுக்கும் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறு முனையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்குவான். இரண்டு அடியில் மறைந்துவிடுவான். புயலில் வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போய் வழி தவறி, வாசலுக்குப் பத்தடி தள்ளி உறைந்துபோனவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று முறை இழுத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து தடவை கயிறு போனது, பதினைந்து தடவை வந்தது. துக்க வீட்டுக்கென்று என் டிக்கியில் இருந்த பவுர்சாக் என்னும் பொரித்த மாவுருண்டைகளையும் குடலில் அடைத்த குதிரைக்கறியையும் பேனாக்கத்தியால் நறுக்கிச் சாப்பிட்டோம்.

“சளிக்காரருக்கு எட்டுக் கிலோ குதிரைக்கறியா அத்தான்?” என்றான்.

“உங்கக்காதான் வாங்கச் சொன்னா” என்றேன். சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். அவன் இன்னொரு துண்டு நறுக்கி அவர் கையில் வைத்தான்.

காலை விடிந்தது என்பதை வெள்ளை கொஞ்சம் அதிக வெள்ளையானதை வைத்துத் தெரிந்துகொண்டோம். காற்று அதே சுருதியில் ஊதிக்கொண்டிருந்தது. என் போனைக் கூரையோடு அழுத்திப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும். குல்சிராவின் செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. *எங்க இருக்கீங்க. தம்பிக்குச் சொல்லியாச்சா. குழி வெட்டியாச்சு. முல்லா ஒரு மணிக்கு மேல முடியாதுங்கறார். தம்பியைக் கூட்டிட்டு வந்துடுங்க.* போனைக் கவிழ்த்து வைத்தேன். ‘பேட்டரி போகுது’ என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

சொல்லிவிடலாமா என்று நூறு தடவை நினைத்தேன். சொன்னால், இவன் நடந்தே கிளம்பிவிடுவான். இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கிளம்பினால் இந்தக் கயிற்றால் எவ்வளவு தூரம் பிடித்து நிறுத்த முடியும்? சொல்லாவிட்டால், அப்பாவை மண்ணுக்குள் இறக்குகிற நேரத்தில் மகன் குதிரைக்கறி மென்றுகொண்டிருந்தான் என்று ஆயுசுக்கும் அவனுக்கு நினைவிருக்கும். சித்தப்பாவை ஜாடையாகப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். முற்றத்தில், எல்லோர் முன்னாலும், முறைப்படி. முறை என்பது சூடான முற்றங்களுக்காக யாரோ கண்டுபிடித்தது. மைனஸ் இருபத்தெட்டில், பெட்ரோல் முள் சிவப்பில் படுத்திருக்க, என்ன செய்ய வேண்டுமென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை. மூன்று பேரும் காரின் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தல்காத் கையுறையை மாட்டினான், கழற்றினான். ஒன்று பத்துக்கு, மிகவும் சாதாரணமாக, டீ கேட்கிற குரலில் சொன்னான்.

“சித்தப்பா, தொழுகை முடிஞ்சிருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க.”

சித்தப்பா பழக்க தோஷத்தில் முதலில் கோட்டின் கழுத்தைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். சட்டைப்பைக்குள் கையை விட்டார், விரல் விறைத்திருந்ததால் தாள் வரவில்லை.

“தம்பி... எவ்வளவு உயரமான மலையா இருந்தாலும்...” என்றார். “மலையா இருந்தாலும், அதோட உச்சியில...” நிறுத்தினார். நாற்பது வருடம் மைக் பிடித்த வாய் திறந்தபடி நின்றது. மலை அவருக்கு உதவவில்லை. கழுகும் வரவில்லை.

“அண்ணன் போயிட்டான்டா” என்றார். “நேத்து விடியக்காலையில. என்னை மூக்கொழுகின்னு கூப்பிட இனிமே யாருடா இருக்கா?”

முகத்தை இரண்டு கைகளிலும் புதைத்துக்கொண்டார். பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. தல்காத் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். “தெரியும் சித்தப்பா” என்றான். “தெரியும்.”

“எப்படி?” என்று நான் கேட்டேன். அதைக் கேட்கிற நேரமா அது என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

“அத்தான், எங்க அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து, வாசப்படியில வெச்சு என்னைக் கிண்டல் பண்ணாம என்னைக்காவது உள்ள வந்திருக்கீங்களா? ‘கல்யாணம் பண்ணிக்காத எருமை, இன்னும் தூங்குறியா’ன்னாவது சொல்லுவீங்க. நேத்து மரியாதையா நின்னீங்க. பிரஷ் வாயில இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு.”

அக்கா புருஷனும் மச்சானும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொள்வது எங்களில் உரிமைகூட அல்ல, கடமை. காருக்குள் ஒரு மணி நேரம் குரலை ஒத்திகை பார்த்த நான் அதை மறந்துவிட்டேன்.

“அப்புறம் ஏன்டா தடுப்புகிட்ட டீ குடிக்கலாம்னே? அங்கேயே தெரியும்னு சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா, போயே ஆகணும்னு நான் குதிக்கணும். நான் குதிச்சா நீங்க ஓட்டுவீங்க. அக்காவுக்கு ஒரே நாள்ல எத்தனை சாவு?” கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்தான். “தெரியாதவனுக்கு அவசரம் இல்லையே அத்தான். அதான் தெரியாதவனாவே இருந்துடலாம்னு பார்த்தேன். சித்தப்பா பதக்கத்தைக் காட்டுவார்னு யாருக்குத் தெரியும்?”

சித்தப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

“சைலன்சரை இப்பத்தானே எடுத்தே? எங்க போறே?” என்றேன்.

கயிற்றின் முனையை என் கையில் வைத்து, என் விரல்களை அவனே மடக்கி மூடினான். மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினான். கதவு திறந்த ஒரு நொடியில் உள்ளே வந்த பனி டாஷ்போர்டின் மேல், கடிகாரத்தின் மேல் படிந்தது. இரண்டு அடி தள்ளி அவன் முதுகு கலங்கலாகத் தெரிந்தது. குனிந்து வெட்டத் தொடங்கினான். சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லை. சாலைக்கு வெளியே, எதுவுமே இல்லாத ஓர் இடத்தில், நேராகக் கீழ்நோக்கி. எதற்காக என்று புரியச் சிறிது நேரம் ஆனது. அந்தப் பனிக்கு அடியில், மார்பளவு ஆழத்திலோ இடுப்பளவு ஆழத்திலோ, மண் இருந்தாக வேண்டும். ஊரில் டயர் கொளுத்தி இளக்கிய அதே மண்ணின் இந்த முனை, அவன் கையால் விழவேண்டிய ஒரு பிடி. அவன் ஒரு வாரி எடுத்து எறிய, காற்று இரண்டு வாரி கொண்டுவந்து குழிக்குள் போட்டது. நிறுத்திக் கூப்பிட வேண்டுமென்று ஜன்னலை இறக்கி வாயைத் திறந்தேன். வாயில் பனி நிறைந்தது.

“விடு மாப்ளே” என்றார் சித்தப்பா.

முதுகும் மறைந்தது. வெள்ளை மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து கயிறு என் கையைச் சுண்டியது. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை. எல்லாம் சரி என்று சொல்கிற மூன்று இழுப்புக்காக நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை, அடியில் எங்கோ இரும்பு மண்ணில் மோதுகிற சத்தத்துக்காக நான் காதைக் கொடுத்திருக்க, கயிறு என் உள்ளங்கையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது.